கேமரா வாங்கப் போறீங்களா? முதல்ல கார்டைப் பாருங்க!

இன்ஸ்டாகிராமைத் திறந்தால் போதும், யாரோ ஒருவர் பழைய டிஜிட்டல் கேமராவோடு நிற்கிறார். முகத்தில் பளீரென்று அடிக்கும் ஃபிளாஷ், கொஞ்சம் வெளுத்த நிறம், மூலையில் ஆரஞ்சு எழுத்தில் தேதி. நம் அண்ணன், அக்காமார் கல்லூரிக் காலத்தில் எடுத்துக்கொண்ட படங்கள் மாதிரியே இருக்கும். போனில் ஃபில்டர் போட்டும் அதைக் கொண்டுவரலாம்தான். ஆனாலும் அசலுக்கு இருக்கிற மவுசே தனி. வீட்டு பீரோவைக் குடைகிறவர்கள், செகண்ட் ஹேண்டில் தேடி அலைகிறவர்கள் என்று எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள்.

வாங்கப்போகிற எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை மெகாபிக்சல்?" அடுத்தது, "ஜூம் எவ்வளவு?" மூன்றாவது, விலை. "இதுல என்ன கார்டு போடணும்?" என்று கேட்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை. என்னைக் கேட்டால் அந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும். புது கேமராவோ, பழசோ, உங்கள் கையில் இருக்கிற போன் அல்லது டேப்லெட் எந்த கார்டைப் படிக்கும் என்று பார்த்துவிட்டு, அங்கிருந்து கேமராவுக்கு வாருங்கள். கேமராவை வாங்கிவிட்டு கார்டைத் தேடிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வீட்டுக் கதையே போதும்.

ஒரு கார்டும் ஒரு மாத அலைச்சலும்

மதுரையில் எங்கள் வீட்டு ஷோகேஸில், தஞ்சாவூர் பொம்மைக்குப் பக்கத்தில் சித்தப்பாவின் கேமரா பல வருஷமாக உட்கார்ந்திருக்கிறது. 2006-ல் சிங்கப்பூரிலிருந்து வரும்போது வாங்கி வந்தது. பொங்கல் லீவில் அதை எடுத்துத் திறந்து பார்த்தேன். பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பூத்துப் போயிருந்தது. கேமரா அவ்வளவுதான். ஆனால், பக்கத்துப் பொந்தில் தபால்தலை அளவில் ஒரு கார்டு, கீறல்கூட இல்லாமல் இருந்தது.

"அதுலதான்டா காதுகுத்து போட்டோ எல்லாம் இருக்கு. உங்க தாத்தாவை உங்க சித்தப்பன் ஓடி ஓடி எடுத்தானே!" என்றார் அத்தை.

தாத்தா 2008-ல் இறந்துவிட்டார். சுவரில் மாலை போட்டு மாட்டியிருப்பது, ஏதோ விண்ணப்பத்துக்காக எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படத்தைப் பெரிதாக்கியது. அதில் அவர் சிரிக்கவில்லை. அவர் சிரித்து எடுத்த படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. அதனால் அந்த கார்டைப் பத்திரமாகப் பர்ஸில் வைத்துக்கொண்டு சென்னைக்கு வந்தேன்.

லேப்டாப்பில் இருக்கிற பொந்தில் அது நுழையவில்லை. ஆபீஸில் போட்டோகிராபர்கள் வைத்திருக்கும் ரீடரிலும் நுழையவில்லை. ஒரு சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போனேன். ஐந்தாறு கடை ஏறி இறங்கிய பிறகு, ஒரு கடைக்காரர் கார்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது எக்ஸ்டி கார்டு தம்பி. இதுக்கு ரீடர் வர்றது நின்னு ரொம்ப வருஷம் ஆச்சு. படத்தை அப்பவே கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிருக்கணும்." இன்னொரு கடையில் 'ஆல் இன் ஒன்' என்று சொல்லி ஒரு ரீடரைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால், எக்ஸ்டிக்கு இடமே இல்லை. அட்டைப்பெட்டியில் மட்டும் பெயர் இருந்தது. 350 ரூபாய் போச்சு.

அந்த கார்டு கடைசியில் என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன். இந்த எக்ஸ்டி என்பது எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்ப்போம்.

ஊருக்கு ஒரு கார்டு

சின்ன கார்டில் படத்தைச் சேமிக்கிற வேலையை ஒரே ஒரு வடிவத்தில் முடித்திருக்கலாம். அப்படி நடக்கவில்லை. 1994-ல் சான்டிஸ்க் நிறுவனம் காம்பாக்ட் ஃபிளாஷைக் கொண்டுவந்தது. தீப்பெட்டி அகலத்தில் தடியாக, உறுதியாக இருக்கும். அடுத்த வருஷமே தோஷிபா ஸ்மார்ட் மீடியாவைக் கொண்டுவந்தது. அது அப்பளம் மாதிரி மெலிசு, அதிகபட்சக் கொள்ளளவு 128 எம்பி. 1998-ல் சோனி தனியாக மெமரி ஸ்டிக்கை இறக்கியது. 1999-ல் பானசோனிக், சான்டிஸ்க், தோஷிபா மூன்றும் சேர்ந்து எஸ்டி கார்டை அறிவித்தன. இத்தனையும் வந்த பிறகு, 2002-ல் ஒலிம்பஸும் ஃபியூஜிஃபிலிமும் சேர்ந்து எக்ஸ்டியைக் கொண்டுவந்தன. எங்கள் சித்தப்பாவின் கார்டு இந்தக் கடைசிக் குடும்பம். 2 ஜிபிக்கு மேல் அது வளரவே இல்லை.

ஏன் இத்தனை? தொழில்நுட்பக் காரணங்களும் உண்டு. அளவு, வேகம், மின்சாரச் செலவு என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சொன்னார்கள். ஆனால், என் பார்வையில் பெரிய காரணம் எளிமையானது. உங்களிடம் ஒரு கம்பெனியின் கார்டு நாலு சேர்ந்துவிட்டால், அடுத்த கேமராவையும் அதே கம்பெனியில்தான் வாங்குவீர்கள். சோனி கேமரா, சோனி லேப்டாப், சோனி கையடக்கக் கணினி என எல்லாவற்றிலும் ஒரே மெமரி ஸ்டிக். அந்த வீட்டுக்குள் இருக்கிறவரை சொகுசுதான். வெளியே வந்தால்தான் தெரியும், வாசற்கதவுக்குப் பூட்டு அவர்களுடையது என்று.

போட்டி முடிந்த கதை எல்லோருக்கும் தெரியும். எஸ்டி ஜெயித்தது. 2010-ல் சோனியே தன் கேமராக்களில் எஸ்டிக்கு இடம் கொடுத்தது. அதே சமயத்தில் ஒலிம்பஸும் ஃபியூஜிஃபிலிமும் எக்ஸ்டியைக் கைவிட்டன. கம்பெனிகளுக்கு அது ஒரு தயாரிப்பு நின்றுபோன செய்தி. நம் வீட்டு ஷோகேஸ்களில் அது மாட்டிக்கொண்ட காதுகுத்து.

பாம் வைத்திருந்தவர்கள் அப்போதே சொன்னது

போனுக்கு முன்னால் கையடக்கக் கணினி என்று ஒன்று இருந்தது. பாம், ஐபாக், கிளியே என்ற பெயர்களை இப்போதைய இருபது வயதுக்காரர்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு. சட்டைப் பையில் அடங்கும்; குச்சி மாதிரி ஒரு பேனாவால் திரையில் எழுத வேண்டும்; முகவரி, டைரி, கணக்கு எல்லாம் அதில் இருக்கும். 2001-ல் வந்த பாம் எம்505-ல் எஸ்டி கார்டு போடும் பொந்து இருந்தது. சோனியின் கிளியேவில் மெமரி ஸ்டிக். காம்பாக் ஐபாக்கின் முதல் மாடல்களில் பொந்தே இல்லை. பின்பக்கம் ஒரு உறையை மாட்டி, அதில் காம்பாக்ட் ஃபிளாஷைச் செருக வேண்டும்.

அப்போது டிஜிட்டல் கேமரா வாங்கப் போனவர்களில் கையடக்கக் கணினி வைத்திருந்தவர்கள் மட்டும் வேறு மாதிரி யோசித்தார்கள். 'என் பாமில் எஸ்டி போகும். அப்படியென்றால் எஸ்டி போடும் கேமராதான் வாங்க வேண்டும்' என்பது அவர்களின் கணக்கு. அது அப்போது லேசான கணக்கு இல்லை. கேனனின் சின்ன கேமராக்கள்கூட 2003 வரை காம்பாக்ட் ஃபிளாஷில்தான் இருந்தன. எஸ்டி என்றால் பானசோனிக், கோடாக் மாதிரி சில பெயர்களுக்குள் தேட வேண்டும். ஐபாக் வைத்திருந்தவருக்குக் காம்பாக்ட் ஃபிளாஷ் கேமராக்கள் நிறைய. கிளியே வைத்திருந்தவருக்கு ஏறத்தாழ சோனி மட்டும்.

பொந்தில் கார்டு நுழைந்துவிட்டால் படம் தெரிந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. எம்505-ன் மொத்த நினைவகமே 8 எம்பி. 2 மெகாபிக்சல் கேமராவின் ஒரு படம், 1600-க்கு 1200 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 3 பைட் என்று விரித்தால், ஒரே படம் கிட்டத்தட்ட 5.8 எம்பி. அதை 160-க்கு 160 புள்ளி கொண்ட திரையில் சுருக்கிக் காட்ட வேண்டும். இதற்கென்று தனியாக எழுதிய செயலி இருந்தால்தான் படம் வரும். அதுவும் நின்று நிதானமாக வரும்.

இந்தப் பழைய கதையில் நமக்கு வேண்டிய பாடம் இரண்டு படி கொண்டது. ஒன்று, கார்டு உடம்பளவில் பொருந்த வேண்டும். இரண்டு, உள்ளே இருப்பது கையில் இருக்கிற கருவிக்குப் புரிய வேண்டும். இருபது வருஷத்தில் கருவி மாறிவிட்டது. இந்த இரண்டு படியும் மாறவில்லை.

போனும் கணினிதான், ஆனா பொந்து எங்கே?

இன்றைக்கு நம் கையடக்கக் கணினி போன்தான். அதன் நினைவகம் பாமைவிட ஆயிரம் மடங்கு பெரியது. ஆனால், ஒரு விஷயத்தில் பாமைவிட மோசம். பாமில் பொந்து இருந்தது. நம் போன்களில் அதைப் பிடுங்கிவிட்டார்கள். ஐபோனில் என்றைக்குமே இருந்ததில்லை. சாம்சங் தன் கேலக்ஸி எஸ் வரிசையில் 2021-ன் எஸ்21 முதல் மைக்ரோ எஸ்டிக்கு இடம் இல்லை என்று சொல்லிவிட்டது. விலை குறைந்த, நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போன்களில்தான் இன்னும் மிச்சம் இருக்கிறது. போனில் கார்டு பொந்து இருப்பதை 'பழைய மாடல்' என்று யாராவது கிண்டல் செய்தால் கண்டுகொள்ளாதீர்கள். கேமரா வைத்திருப்பவருக்கு அது வரம்.

உங்கள் போனில் மைக்ரோ எஸ்டி பொந்து இருந்தால், எஸ்டி போடும் கேமராவை வாங்கி, அதற்கு மைக்ரோ எஸ்டி கார்டையும் அதோடு வரும் அடாப்டர் உறையையும் பயன்படுத்துங்கள். கேமராவில் உறையோடு, போனில் உறை இல்லாமல். ரீடர், கேபிள் எதுவும் வேண்டாம்.

இங்கே ஒரு ஆபத்தை மட்டும் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 முதல், புது கார்டைப் போட்டால் சில போன்கள் ஒரு கேள்வி கேட்கும்: இதைப் போனின் உள் சேமிப்பகமாகப் பயன்படுத்தலாமா, வெளிச் சேமிப்பகமாகவா? அவசரத்தில் 'உள்' என்பதை அழுத்தி, அடுத்தடுத்து 'ஓகே' கொடுத்தால், கார்டு முழுவதும் அழிந்து, அந்த ஒரு போனுக்கு மட்டுமே புரிகிற மாதிரி பூட்டப்பட்டுவிடும். கேமராவுக்கு அது வெறும் பிளாஸ்டிக். கல்யாண வீட்டில் எடுத்த படத்தை உடனே பார்க்கிற ஆசையில் இந்த இடத்தில் கோட்டை விட்டவர்கள் உண்டு. கேமரா கார்டைப் போனில் போடும்போது அது எந்தக் கேள்வி கேட்டாலும் படித்துப் பார்க்காமல் தொடாதீர்கள். 'ஃபார்மேட்' என்ற சொல் கண்ணில் பட்டால் கார்டை வெளியே எடுத்துவிடுங்கள். ஃபார்மேட் செய்வது கேமராவின் வேலை. போனில் செய்யக் கூடாது.

பொந்து இல்லாத போனுக்கு யூஎஸ்பி-சி ரீடர் வாங்க வேண்டும். விலை சில நூறு ரூபாய்தான். 2023-ல் வந்த ஐபோன் 15 முதல் ஐபோனுக்கும் அதே யூஎஸ்பி-சி. அதற்கு முந்தைய ஐபோன் என்றால் லைட்னிங் முனை கொண்ட ரீடர் தனியாக வேண்டும். சில ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸுக்குள் போய் 'ஓடிஜி' என்பதை ஆன் செய்தால்தான் ரீடர் தெரியும். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் அது தானாக ஆஃப் ஆகிவிடும். "ரீடர் டூப்ளிகேட் போல" என்று கடைக்குத் திரும்பிப் போவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

செருகியாச்சு, படம் வரலையே?

இரண்டாவது படி இங்கே வருகிறது. எஸ்டி என்று ஒரே பெயர் இருந்தாலும் உள்ளே பல தலைமுறைகள் இருக்கின்றன. முதல் தலைமுறை 2 ஜிபி வரை. 2006-ல் வந்த எஸ்டிஹெச்சி 32 ஜிபி வரை. 2009-ல் அறிவித்த எஸ்டிஎக்ஸ்சி அதற்கு மேல் 2 டிபி வரை. மூன்றும் பார்க்க ஒரே அளவு, ஒரே வடிவம். பொந்தில் அழகாக நுழையும். ஆனால் 2005-ல் செய்த கேமராவில் இன்று கடையில் கிடைக்கும் 64 ஜிபி கார்டைப் போட்டால், 'கார்டு எரர்' என்றுதான் வரும். கேமராவில் கோளாறு இல்லை. அது பிறந்தபோது இந்த கார்டு பிறக்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் டெஸ்க்கில் ஒருவர் இதே காரணத்துக்காக நல்ல கேமரா ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

மாடல் பெயரோடு 'மேனுவல்' என்று சேர்த்துத் தேடுங்கள். பழைய கேமராக்களின் கையேடுகள் பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கின்றன. அதில் எஸ்டிஹெச்சி என்ற பெயர் இருந்தால் 32 ஜிபி வரை கவலை இல்லை. எஸ்டி என்று மட்டும் இருந்தால் 2 ஜிபி கார்டுக்கு அலைய வேண்டும். "வெறும் 2 ஜிபியா?" என்று முகம் சுளிக்க வேண்டாம். 7 மெகாபிக்சல் கேமராவின் ஒரு படம் சுமார் 3 எம்பி. அறுநூறு படத்துக்கு மேல் பிடிக்கும். ஒரு திருவிழாவுக்குத் தாராளம்.

புது கேமராவில் பிரச்சினை எதிர்த்திசையில் இருந்து வரும். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் கோப்புகளை அடுக்குகின்றன. அந்த முறையை மைக்ரோசாஃப்ட் 2019-ல்தான் வெளிப்படையாக்கியது. அதன் பிறகுதான் ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸில் அது முறையாக இடம் பிடித்தது. அதற்கு முந்தைய ஆண்ட்ராய்டு போன்களில் சில எக்ஸ்ஃபேட்டைப் படிக்கும், சில 'கார்டு பழுது' என்று பொய் சொல்லும். பழைய போன் வைத்திருப்பவர்கள் 32 ஜிபி கார்டிலேயே நின்றுகொள்வது நல்லது. இன்னொரு நன்மையும் உண்டு: ஒரு கார்டு தொலைந்தால் 32 ஜிபி படத்தோடு போகும், 256 ஜிபி படம் போகாது.

படக் கோப்புக்கு வருவோம். கேமராக்கள் எல்லாம் படங்களை 'டிசிஐஎம்' என்ற ஃபோல்டரில் போடும். இது 1998-ல் ஜப்பானியத் தொழில்துறை வகுத்த விதி. எந்தக் கம்பெனி கேமராவாக இருந்தாலும் போன் நேராக அங்கே போய்த் தேடுகிறது என்றால், அந்த விதிதான் காரணம். இத்தனை வகை கார்டுகளைப் போட்டு அடித்துக்கொண்டவர்கள் இந்த ஒரு விஷயத்திலாவது ஒத்துப்போனார்களே! ஆனால், கம்ப்யூட்டரில் போட்டு ஃபோல்டர் பெயரை 'ஊட்டி டூர்' என்று மாற்றி வைத்தால், ஐபோனின் போட்டோ இறக்குமதிக்கு அது கண்ணில் படாது. கார்டுக்குள் எதையும் பெயர் மாற்றாதீர்கள்.

ஜேபிஜி படமாக இருந்தால் எந்தப் போனிலும் திறக்கும். ரா கோப்பு என்றால் சந்தேகம்தான். புது கேமரா வாங்கியவுடன் 'புரொஃபஷனல்' ஆசையில் ராவை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு, ஊரில் போனை வைத்துக்கொண்டு விழிக்காதீர்கள். இரண்டையும் சேர்த்து எடுக்கும் வசதி பெரும்பாலான ரா கேமராக்களில் உண்டு. பழைய கேமராக்களின் வீடியோ, போனின் கேலரியில் பல சமயம் ஓடாது. விஎல்சி செயலியைப் போட்டால் ஓடிவிடும்.

அப்போ எதைத்தான் வாங்குறது?

பழைய கேமரா என்றால் எஸ்டி போடுவதை வாங்குங்கள். அதிலும் எஸ்டிஹெச்சி என்று எழுதியிருப்பதை. எந்த இன்ஃப்ளூயன்சர் எந்த மாடலைக் காட்டினாலும், விற்பவரிடம் முதலில் கார்டு பொந்தைத் திறந்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பொந்துக்குப் பக்கத்தில் பெயர் அச்சடித்திருக்கும். ஃபியூஜிஃபிலிமின் சில மாடல்களில் எக்ஸ்டி, எஸ்டி இரண்டும் ஒரே பொந்தில் போகும், அவை பரவாயில்லை. ஒலிம்பஸ் சில மாடல்களோடு மைக்ரோ எஸ்டியை எக்ஸ்டி பொந்தில் மாட்டும் ஒரு சட்டத்தைக் கொடுத்தது. அது அந்த மாடல்களுக்கு மட்டும்தான். மற்ற எக்ஸ்டி கேமராக்களில் வேலை செய்யாது. விற்பவர் "அடாப்டர் போட்டுக்கலாம் சார்" என்று அடித்துச் சொன்னால், போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

மெமரி ஸ்டிக்கில் புரோ டுவோ என்ற சின்ன வகை என்றால், மைக்ரோ எஸ்டியை அதில் செருகும் அடாப்டர்கள் கிடைக்கின்றன. அதனால் அது தீண்டத்தகாததல்ல. பெரிய, பழைய மெமரி ஸ்டிக்கையும் ஸ்மார்ட் மீடியாவையும் சேகரிப்பாளர்களிடம் விட்டுவிடுங்கள். காம்பாக்ட் ஃபிளாஷ் எனக்குப் பிடித்த விதிவிலக்கு. பழைய டிஎஸ்எல்ஆர்கள் நிறைய அதில்தான் ஓடின. ரீடர் இன்றும் புதிதாகவே கிடைக்கிறது. ஆனால் ரீடரில் செருகும்போது நிதானம் வேண்டும். உள்ளே ஊசி ஊசியாகப் பின்கள் இருக்கும். ஒன்று வளைந்தால் கதை முடிந்தது.

புது கேமராவில், ஆரம்ப விலை மாடல்களில் பெரும்பாலும் எஸ்டிதான். தலைவலி மேல்தட்டில் இருக்கிறது. அங்கே சிஎஃப்எக்ஸ்பிரஸ் என்ற புது கார்டு வந்திருக்கிறது. அதிலேயே ஏ, பி என்று வகைகள் உண்டு. ஒன்றின் ரீடரில் இன்னொன்று நுழையாது. கார்டு விலை எஸ்டியைப்போல் பல மடங்கு. மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்க! உயர்தர வீடியோ எடுத்துப் பிழைக்கிறவர்களுக்கு அந்த வேகம் தேவை. குடும்ப விசேஷம், பயணம், யூடியூப் என்றால் எஸ்டியும் போடுகிற மாடலோடு நின்றுகொள்ளலாம்.

"இதெல்லாம் எதுக்கு? வைஃபையில் போனுக்கு அனுப்பிட்டா போச்சு" என்று கேட்பீர்கள். வைஃபை வசதி இருக்கட்டும், நானும் பயன்படுத்துகிறேன். அதை மட்டும் நம்பாதீர்கள். ஐ-ஃபை என்று ஒரு எஸ்டி கார்டு இருந்தது. கார்டுக்குள்ளேயே வைஃபை, படத்தைத் தானாக அனுப்பிவிடும். 2016-ல் அந்த நிறுவனம் தன் பழைய கார்டுகளுக்கான சேவையை நிறுத்திக்கொண்டது. காசு கொடுத்து வாங்கிய வசதி, பொருள் கெடாமலே செத்துப்போனது. கேமரா கம்பெனியின் செயலியும் அப்படித்தான். போன் புது ஆண்ட்ராய்டுக்குப் போன பிறகு, பழைய கேமராவுக்காக அந்தச் செயலியை யார் திருத்திக்கொண்டிருப்பார்கள்? கார்டைக் கழற்றிச் செருகுவது மட்டும் யாருடைய சர்வரையும் கேட்காது.

கடைசியாகப் போலி கார்டுகள். அசல் மாதிரியே உறை, 128 ஜிபி என்ற எழுத்து, உள்ளே 8 ஜிபிகூட இருக்காது. 8 ஜிபி நிறையும் வரை ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு எடுக்கிற படமெல்லாம் காற்றில் போகும். கம்ப்யூட்டர் இருந்தால் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற இலவச மென்பொருளால் கார்டு முழுவதையும் எழுதிப் படித்துச் சோதிக்கலாம். விசேஷத்துக்கு முந்தின நாள் வாங்காமல் ஒரு வாரம் முன்னால் வாங்கினால் இதற்கு நேரம் கிடைக்கும்.

தாத்தா சிரித்த படம்

ரிச்சி தெருவில் தோற்றுத் திரும்பிய மூன்று வாரம் கழித்து ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் தெருமுனையில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் ஸ்டுடியோ ஒன்று இருக்கிறது. லேமினேஷன், ஜெராக்ஸ் எல்லாம் அங்கேதான். சும்மா பேச்சுவாக்கில் அந்த அண்ணனிடம் கார்டைக் காட்டினேன். "அட, இதுவா!" என்று மேஜை டிராயரை இழுத்தார். பழைய சார்ஜர்கள், கறுப்பு ஃபிலிம் டப்பாக்களுக்கு அடியிலிருந்து தூசி படிந்த ஒரு ரீடர் வந்தது. "ஒரு காலத்துல தினமும் நாலு பேரு இந்த கார்டைத் தூக்கிட்டு பிரிண்ட் போட வருவாங்க. தூக்கிப் போட மனசு வரல."

இரண்டு தடவை கார்டு தெரியவில்லை. அழிப்பானால் கார்டின் தங்க நிறப் பட்டைகளை லேசாகத் தேய்த்துவிட்டுப் போட்டார். மூன்றாவது தடவை ஃபோல்டர் திறந்தது. 143 படம். கேமராவில் யாரும் தேதி வைக்காததால் எல்லாவற்றிலும் 2005 ஜனவரி 1 என்று இருந்தது. பென் டிரைவில் ஒரு பிரதி, என் போனில் ஒரு பிரதி. அண்ணன் காசு வாங்க மாட்டேன் என்றார். வலுக்கட்டாயமாக நூறு ரூபாய் வைத்துவிட்டு வந்தேன்.

87-வது படத்தில் தாத்தா இருக்கிறார். மொட்டை அடித்த பேரனை மடியில் வைத்திருக்கிறார். ஆசாரி கையை ஓங்குகிறார், பையன் அழுகிறான், தாத்தா வாய்விட்டுச் சிரிக்கிறார். முன்பல் ஒன்று இல்லை. அது எனக்கு அதுவரை தெரியாது.

அன்றைக்கு ராத்திரியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். முதலில் சித்தப்பாவிடமிருந்து ஒரு கைகூப்பும் எமோஜி. பத்து நிமிஷம் கழித்து அத்தை ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினார்: "ஃப்ரேம் போட்டு மாட்டணும்டா. பெருசாக்கினா மங்கலா வருது, நல்லதா அனுப்பு." வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடுகிறது. மறுபடியும் 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினேன்.